குளம் நிறைந்தபின் பெய்யும் மழை: மாணவர்கள் தங்கள் ஊருக்கு வெள்ள எச்சரிக்கை அமைப்பது எப்படி?

பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. நெல்லைச் சீமையில் மழைக்காலம் பிறந்துவிட்டால், இந்த மூன்று அணைகளும் எவ்வளவு நிறைந்திருக்கின்றன என்பதைத்தான் காலையில் முதலில் பார்ப்பார்கள். ஆனால் 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்திலும் மூலைக்கரைப்பட்டியிலும் 62 செ.மீ. மழை கொட்டியது. நான்குமே இந்த அணைகளுக்குக் கீழே, சமவெளியில் இருக்கும் ஊர்கள். அங்கே விழுந்த மழையைப் பிடிக்க அணை கிடையாது. குளங்கள் பிடித்தன, நிறைந்தன, மறுகால் பாய்ந்தன (மிஞ்சிய நீர் அதற்கென்று கட்டிய தாழ்வான சுவரைத் தாண்டி வழிவதுதான் மறுகால்), பல உடைந்தன.

வெள்ளத்தைக் கணிக்கும் கருவி செய்யக் கிளம்பும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் பெரும்பாலும் தாமிரபரணியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அது வேண்டாம் என்பது இந்த வழிகாட்டியின் முதல் ஆலோசனை. ஆற்றுக்கு நீர்வளத் துறை இருக்கிறது, முறப்பநாட்டில் மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது, அணை திறந்தால் அறிவிப்பு வருகிறது. உங்கள் ஊர்க் குளத்துக்கும் அதற்கு மேலே இருக்கும் குளத்துக்கும் அப்படி எதுவும் இல்லை. நான்கைந்து மாணவர்களால் ஒரு பருவத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய, செய்தால் உண்மையிலேயே பயன்படக்கூடிய வேலை அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒரு குளத்தொடரைத் தேர்ந்தெடுங்கள்

மேலக்குளம் மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் ஓடை வழியாகக் கீழக்குளத்துக்கு வரும். கீழக்குளத்தின் கரைக்குப் பின்னால் ஊர் இருக்கும். இந்த மூன்றும் ஒரே கோட்டில் அமைந்த இடம்தான் வேண்டும். நாங்குநேரி, ராதாபுரம், சாத்தான்குளம் பக்கத்து மானாவாரிக் குளங்கள் இதற்கு நன்றாகப் பொருந்தும். கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், மருதூர் மேலக்கால், கீழக்கால் போன்றவற்றில் தண்ணீர் பெறும் குளங்களை எடுத்தால் கணக்கு கொஞ்சம் சிக்கலாகும். கால்வாயில் வரும் நீரையும் சேர்த்து அளக்க வேண்டியிருக்கும்.

தேர்ந்தெடுத்ததும் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மேலே தண்ணீர் மிஞ்சியது தெரிந்ததிலிருந்து ஊருக்குள் அது நுழையும்வரை எவ்வளவு நேரம் கிடைக்கும்? ஓடையின் நீளத்தை நடந்து அளந்துகொள்ளுங்கள். ஓடையில் நீர் ஓடும்போது 20 மீட்டர் தூரத்தைக் கயிறு கட்டிக் குறித்து, பாதி நீர் நிரப்பி மூடிய பிளாஸ்டிக் பாட்டிலை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். மேற்பரப்பு வேகத்தை 0.85ஆல் பெருக்கினால் சராசரி வேகம் கிடைக்கும். 3 கி.மீ. ஓடையில் வினாடிக்கு 1 மீட்டர் வேகம் என்றால் 50 நிமிடம். ஓடையில் சீமைக்கருவேலமும் நாணலும் அடைத்துக் கிடந்தால் இது இரு மடங்காகலாம். அதே அடைப்பு ஓடைக் கரையை உடைத்துத் தண்ணீரை வயலுக்குள் திருப்பவும் செய்யும்.

50 நிமிடத்தில் ஒரு தெருவையே காலி செய்ய முடியுமா? முதியவர்களும் கன்றுகாலிகளும் இருக்கும் தெருவில், இரவு 2 மணிக்கு முடியாது. ஆகவே மேலக்குளம் மறுகால் பாய்வதைப் பார்த்துச் சொல்வது போதாது. அது எப்போது மறுகால் பாயும் என்பதையே முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

அனுமதி

ஆயக்கட்டு (பாசனம் பெறும் பரப்பு) 40 ஹெக்டேருக்குக் குறைந்த குளங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கும். பெரியவை நீர்வளத் துறையிடம். பள்ளி அல்லது கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு உதவிப் பொறியாளரையோ ஒன்றிய அலுவலகத்தையோ பாருங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் ஒவ்வொரு நகல் கொடுங்கள். மடையிலும் மறுகாலிலும் துளை போட மாட்டோம், கவ்வி வைத்துத்தான் பொருத்துவோம் என்று கடிதத்திலேயே எழுதிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். அதே அலுவலகத்தில் குளத்தின் பதிவேட்டைக் கேளுங்கள். முழு நீர்மட்டம், அதிகபட்ச நீர்மட்டம், கரையின் மேல்மட்டம், நீர்ப்பிடிப்புப் பரப்பு, கொள்ளளவு, மறுகால் நீளம் ஆகிய ஆறு எண்கள் வேண்டும்.

கோடையில் செய்ய வேண்டிய அளவை

ஏப்ரல், மே மாதங்களில் குளம் வற்றிக் கிடக்கும்போதே இந்த வேலையை முடித்துவிட வேண்டும். அக்டோபரில் தொடங்குபவர்களுக்கு அந்த ஆண்டு போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

பதிவேட்டில் உள்ள எண்களை அப்படியே நம்பாதீர்கள். கரை பல இடங்களில் அமிழ்ந்திருக்கும். மாட்டுவண்டியும் டிராக்டரும் ஏறி இறங்கும் இடத்தில் ஒரு முழம் தாழ்ந்திருக்கும். தண்ணீர் முதலில் தாண்டப்போவது அந்த இடத்தைத்தான். எனவே உங்கள் கணக்கில் ‘கரை மேல்மட்டம்’ என்பது கரையிலேயே மிகத் தாழ்ந்த புள்ளி.

உயரம் அளக்கக் கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் டியூப் போதும். 20 மீட்டர் நீளமுள்ள தெளிவான குழாயில் நீர் நிரப்பி, உள்ளே காற்றுக்குமிழ் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மறுகால் சுவரின் உச்சியைப் பூஜ்யமாக வைத்துக் கரை நெடுகப் படிப்படியாகக் கொண்டுபோங்கள். திரும்பி வந்து அதே பூஜ்யத்தில் முடியுங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் குமிழ் இருந்திருக்கிறது, மறுபடி அளக்க வேண்டும். போனில் உள்ள ஜி.பி.எஸ். உயரத்தை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் செயற்கைக்கோள் உயர வரைபடங்களிலும் சில மீட்டர் பிழை இருக்கும். நீர்ப்பிடிப்பின் எல்லையை வரைய அவை உதவும். எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்று சொல்ல உதவாது.

தெருக்களுக்கு வேறு வழி உண்டு. 2023 வெள்ளம் எதுவரை ஏறியது என்பது சுவர்களில் கறையாகவும், வீட்டுக்காரர்களின் நினைவிலும் இருக்கிறது. வீடு வீடாகப் போய்க் கேட்டு, அந்த மட்டத்தைப் பெயிண்ட்டால் குறித்து, டியூப்பால் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். எந்த வீட்டுத் திண்ணை முதலில் மூழ்கும், எது கடைசி என்ற வரிசை கிடைத்துவிடும். கணினியில் வரையும் எந்த வெள்ள வரைபடத்தையும்விட ஊரார் இதைத்தான் நம்புவார்கள்.

மடையின் சுவரில் ஓர் அளவுப் பலகையும் வரைந்துவிடுங்கள். 5 செ.மீ.க்கு ஒரு கோடு, மறுகால் மட்டத்தில் சிவப்புக் கோடு. மின்னணுக் கருவி பொய் சொல்கிறதா என்று சரிபார்க்க இதை விட்டால் வேறு வழி கிடையாது.

கணக்கு: குளத்தில் எவ்வளவு இடம் மிச்சம்?

வெள்ளத்தைக் கணிக்கப் பெய்யும் மழை மட்டும் போதாது. குளத்தில் இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது, மண் எவ்வளவு ஊறியிருக்கிறது என்ற இரண்டும் வேண்டும். எண்களில் பார்ப்போம்.

1 சதுர கி.மீ. பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1,000 கன மீட்டர் தண்ணீர். நீர்ப்பிடிப்பு 8 சதுர கி.மீ. கொண்ட குளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 மி.மீ. மழைக்கு விழும் நீர் 8,00,000 கன மீட்டர். அக்டோபர் தொடக்கத்தில் காய்ந்த செம்மண் காட்டில் இதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1,60,000 கன மீட்டர், குளத்துக்கு வருகிறது என்று வைப்போம். குளத்தின் நீர்ப்பரப்பு 50 ஹெக்டேர் என்றால் 1 செ.மீ. ஏற 5,000 கன மீட்டர் வேண்டும். ஆக மட்டம் 32 செ.மீ. ஏறும். மறுகாலுக்கு 50 செ.மீ. கீழே நீர் இருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

அதே மழை டிசம்பரில், மண் ஊறி, குளம் தளும்பி நிற்கும்போது பெய்கிறது. இப்போது 60 சதவீதம் ஓடி வருகிறது என்றால் 4,80,000 கன மீட்டர். இடமே இல்லாததால் அத்தனையும் மறுகால் வழியே போக வேண்டும். ஆறு மணி நேரத்தில் வந்து சேர்ந்தால் சராசரியாக வினாடிக்கு 22 கன மீட்டர், ஏறக்குறைய 785 கன அடி.

மறுகால் சுவர் இந்த இடத்தில் ஓர் அளவுக் கருவியாகவே வேலை செய்கிறது. அகன்ற உச்சியுள்ள சுவரைத் தாண்டும் நீருக்கு எளிய சூத்திரம் உண்டு:

வெளியேறும் நீர் (வினாடிக்குக் கன மீட்டர்) = 1.7 × மறுகாலின் நீளம் (மீட்டர்) × சுவருக்கு மேல் நீரின் உயரம் (மீட்டர்) அடுக்கு 1.5

20 மீட்டர் மறுகாலில் 30 செ.மீ. உயரத்துக்கு நீர் பாய்ந்தால் 5.6 கன மீட்டர். 60 செ.மீ. ஆனால் 15.8. உயரம் இரண்டு மடங்கானால் நீர் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மேலே சொன்ன 22 கன மீட்டர் போக வேண்டுமென்றால் சுவருக்கு மேல் 75 செ.மீ. நீர் நிற்க வேண்டும். கரையின் மிகத் தாழ்ந்த புள்ளி மறுகாலைவிட 1 மீட்டர்தான் உயரம் என்றால் மிச்சம் 25 செ.மீ. இது சராசரிக்கான கணக்கு. மழை ஒரே சீராகப் பெய்யாது. உச்சம் இதைவிட அதிகமாக இருக்கும். மறுகாலுக்கு மேலே நீர்ப்பரப்பு விரிவதால் குளம் அந்த உச்சத்தைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இந்தச் சூத்திரம் மூன்று இடங்களில் ஏமாற்றும். பிசான நெல் பருவத்துக்குக் கூடுதலாக நீர் தேக்க வேண்டும் என்று மறுகாலில் மணல் மூட்டையோ பலகையோ அடுக்கியிருந்தால் பூஜ்யமே மாறிவிடும். ஆகாயத்தாமரை வந்து அடைத்தால் நீர் ஏறும், ஆனால் வெளியேறாது. கீழே உள்ள ஓடை நிறைந்து எதிர்த்து நின்றாலும் அப்படித்தான். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மறுகாலை நேரில் போய்ப் பார்த்துப் படம் எடுத்து வைப்பது அதனால்தான் அவசியம்.

நிலையத்துக்கு என்னென்ன வேண்டும்?

குறைந்தது மூன்று நிலையங்கள்: மேலக்குளத்தில் நீர்மட்டமும் மழைமானியும், கீழக்குளத்தில் நீர்மட்டம், ஊருக்குள் தகவல் பெறும் கேட்வே. ஒரு நீர்மட்ட நிலையத்துக்கான பொருட்கள்:

- இ.எஸ்.பி.32 பலகை (நிரலை ஓட்டும் சிறு கணினி), கூடவே எஸ்.எக்ஸ்.1276 வகை லோரா தொகுதி (குறைந்த மின்சாரத்தில் சில கி.மீ. தூரம் தகவல் அனுப்பும் ரேடியோ)
- ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தால் தூரம் அளக்கும், நீர் புகாத அல்ட்ராசோனிக் சென்சார் (ஏ02ஒய்ஒய்யுடபிள்யூ அல்லது ஜே.எஸ்.என்-எஸ்.ஆர்.04டி)
- டி.எஸ்.18பி20 வெப்பநிலை சென்சார்
- 3.2 வோல்ட், 6 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல், அதற்குரிய சார்ஜர், 6 வோல்ட் 5 வாட் சோலார் பலகை
- ஐ.பி.65 பிளாஸ்டிக் பெட்டி, கேபிள் கிளாண்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம்
- ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய், ‘யு’ கவ்விகள், பூட்டு

லோரா தொகுதி வாங்கும்போது கவனம். கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் வகை. இந்தியாவில் இந்தத் தேவைக்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று ஒதுக்கப்பட்டிருப்பது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. 868 என்று குறித்த தொகுதியை வாங்கி, நிரலில் 866 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டெனா மாட்டாமல் ஒருமுறைகூட மின்சாரம் கொடுக்காதீர்கள். ஒலிபரப்பும் பகுதி கருகிவிடும்.

ஜே.எஸ்.என். சென்சார் 5 வோல்ட்டில் விடை அனுப்பும், இ.எஸ்.பி.32 தாங்குவது 3.3 வோல்ட். நடுவில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் மின்தடைகளால் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஏ02 வகை சீரியல் வழியாக நான்கு பைட்டுகளாகத் தூரத்தை மில்லிமீட்டரில் அனுப்பும். கடைசி பைட் சரிபார்ப்புக்கு. அது பொருந்தாத அளவைத் தூக்கி எறியுங்கள்.

இந்த சென்சார்கள் நாலரை மீட்டர்வரை அளக்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், அலையடிக்கும் நீரில் மூன்றரை மீட்டருக்கு மேல் நம்ப வேண்டாம். குளத்தின் ஆழம் அதைவிட அதிகமென்றாலும் கவலை இல்லை. அடியில் கிடக்கும் நீரை அளந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மறுகாலுக்கு இரண்டு மீட்டர் கீழிலிருந்து கரை உச்சிவரை தெரிந்தால் போதும்.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை 15 வினாடி விழித்து 100 மில்லி ஆம்பியர் எடுத்து, மற்ற நேரம் 1 மில்லி ஆம்பியரில் தூங்கினால் ஒரு நாளைக்கு 64 மில்லி ஆம்பியர்-மணி. 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 143. வெயிலே இல்லாத பத்து நாளைக்கும் 1,430 போதும் என்பதால் 6 ஆம்பியர்-மணி செல் தாராளம். ஆனால் யு.எஸ்.பி. சிப்பும் சிவப்பு விளக்கும் உள்ள சாதாரணப் பலகை தூங்கும்போதே 10 மில்லி ஆம்பியருக்கு மேல் தின்னும். மேசையில் ஓடிய கருவி குளத்தங்கரையில் மூன்றாம் வாரம் செத்துப்போவதற்கு இதுதான் வழக்கமான காரணம். தூங்கும்போது எவ்வளவு எடுக்கிறது என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் பொருத்த வேண்டாம்.

மழைமானிக்குத் தட்டு சாயும் வகை. புனல் பரப்பு 200 சதுர செ.மீ. என்றால் 1 மி.மீ. மழை 20 மில்லி லிட்டர். ஒரு சாய்வுக்கு 0.2 மி.மீ. என்றால் 4 மில்லி லிட்டர். சரிபார்க்க, பாட்டில் மூடியில் ஊசித்துளை போட்டு 400 மில்லி லிட்டரை அரைமணி நேரத்தில் சொட்டவிடுங்கள். 100 சாய்வு வர வேண்டும். பிறகு அதே அளவைப் பத்து நிமிடத்தில் ஊற்றிப் பாருங்கள். எண்ணிக்கை குறையும், ஏனென்றால் தட்டு சாய்ந்துகொண்டிருக்கும் நொடியில் விழும் நீர் கணக்கில் வராது. பெருமழையில் குறைத்துக் காட்டும் கருவி ஆபத்தானது. இந்த வித்தியாசத்தை ஒரு திருத்தமாக நிரலில் சேர்த்துவிடுங்கள்.

பொருத்துதல்: தவறுகள் பிறக்கும் இடம்

சென்சாரின் முகம் எதிர்பார்க்கும் உச்ச மட்டத்துக்கு 50 செ.மீ.யாவது மேலே இருக்க வேண்டும். கடைசி 25 செ.மீ.க்குள் நீர் வந்தால் ஜே.எஸ்.என். வகைக்குக் கண் தெரியாது. வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போதுதான் தப்பான எண் கொடுக்கும். ஒலி விரிந்துகொண்டே போகும் என்பதால் மடைச் சுவரிலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளி, குழாய்க் கையை நீட்டி வைத்துப் பொருத்துங்கள். இல்லையென்றால் சுவரையோ படியையோ அளந்துகொண்டிருக்கும், நீர் ஏறினாலும் எண் மாறாது.

ஒலியின் வேகம் வெப்பத்தோடு மாறும்: வினாடிக்கு 331.3 + 0.606 × வெப்பநிலை மீட்டர். விடியற்காலை 24 டிகிரிக்கும் மதியம் 38 டிகிரிக்கும் உள்ள வித்தியாசம் 4 மீட்டர் தூரத்தில் சுமார் 10 செ.மீ. பிழையாக வரும். திருத்தம் போடாத வரைபடத்தில் குளம் தினமும் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். வெப்பநிலை சென்சாரைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது, பெட்டி வெயிலில் அடுப்பாகிவிடும். அல்ட்ராசோனிக்கின் பக்கத்தில், நிழலில் தொங்கட்டும்.

ஒவ்வொரு முறையும் 15 தடவை அளந்து, வரிசைப்படுத்தி, நடு மதிப்பை எடுங்கள். சராசரி வேண்டாம், பறந்து போகும் ஒரு கொக்கு சராசரியைக் கெடுக்கும், நடு மதிப்பைக் கெடுக்காது. அளவுகள் 10 செ.மீ.க்கு மேல் சிதறியிருந்தால் அந்தத் தகவலோடு ‘சந்தேகம்’ என்ற குறியையும் அனுப்புங்கள்.

நம் ஊர்க் குளங்களுக்கே உரிய தொல்லைகள் சில. ஆகாயத்தாமரை மிதந்து வந்து சென்சாருக்குக் கீழே ஒதுங்கினால் நீர்மட்டம் திடீரென 30 செ.மீ. ஏறியதாகக் காட்டும், ஓலையும் வாழைத்தண்டும் அப்படியே. சென்சாரைச் சுற்றி நான்கு மூலையிலும் குழாய் நட்டு வலை கட்டினால் குறையும். சென்சார் முகத்தில் சிலந்தி வலை பின்னும். மழைமானிப் புனலில் குளவி மண்கூடு கட்டும், பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் குடியேறும். கேபிளை எப்போதும் பெட்டியின் அடிப்பக்கத்திலிருந்து நுழைத்து, நுழைவதற்கு முன் ஒரு தொங்கல் விடுங்கள். மழைநீர் அங்கிருந்தே சொட்டிவிடும். மலையடிவாரக் குளங்களில் குரங்குகளுக்காக கேபிளை ஜி.ஐ. குழாய்க்குள்ளேயே கொண்டுபோக வேண்டும். ‘இது வெள்ள எச்சரிக்கைக் கருவி, இதை எடுத்துப் பயனில்லை’ என்று பள்ளியின் பெயரோடு தமிழில் எழுதி ஒட்டுவது பூட்டைவிட நல்ல காவல்.

தகவல் போகும் வழி

2023 வெள்ளத்தில் மின்சாரமும் செல்போன் சேவையும் பல இடங்களில் அறுந்துபோயின. சிம் கார்டை மட்டும் நம்பிய அமைப்பு, அது தேவைப்படும் நாளில்தான் வாய் மூடும். எனவே குளத்திலிருந்து ஊர்வரை லோரா. கேட்வே ஊருக்குள், முதல் மாடியில் (தரைத்தளத்தில் ஒருபோதும் வேண்டாம்), சொந்த பேட்டரியோடு. இணையம் இருந்தால் மேலே அனுப்பட்டும். இல்லாவிட்டாலும் அங்கேயே கணக்குப் போட்டு அங்கேயே மணி அடிக்க வேண்டும்.

ஆன்டெனா 6 மீட்டர் உயரத்தில் இருந்து, நடுவில் கரையோ தோப்போ மறைக்காமல் இருந்தால் மூன்று நான்கு கி.மீ. எட்டும். அடர்ந்த பனங்காடு குறுக்கே வந்தால் எட்டாது. மழை நாளில், இலைகள் நனைந்திருக்கும்போது சோதியுங்கள். ஒவ்வொரு தகவலிலும் வரிசை எண், நீர்மட்டம், மழை எண்ணிக்கை, பேட்டரி அளவு, சந்தேகக் குறி ஆகியவை மட்டும் போதும். மழைக்கு, தொடக்கத்திலிருந்து வந்த மொத்த எண்ணிக்கையை அனுப்புங்கள். நடுவில் ஒரு தகவல் தொலைந்தாலும் மழை தொலையாது. மூன்று தகவல் தொடர்ந்து வராவிட்டால் கேட்வே அதையே எச்சரிக்கையாகச் சொல்லட்டும்: ‘மேலக்குளம் பேசவில்லை, ஒருவர் போய்ப் பாருங்கள்.’

கணிக்கும் நிரல்

இந்த இடத்தில் எல்லோருக்கும் செயற்கை நுண்ணறிவு ஆசை வரும். ஒரு பருவத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போவது இரண்டோ மூன்றோ பெருமழை. அதை வைத்து எந்த நரம்பு வலையையும் பழக்க முடியாது. முதல் ஆண்டுக்கு நீர்க்கணக்கு போதும், அதுவே நன்றாகச் சொல்லும்.

ஒவ்வொரு 15 நிமிடமும் நிரல் செய்ய வேண்டியது: மட்டம் மாறியதை நீர்ப்பரப்பால் பெருக்கி, மறுகால் வழியே போனதையும் திறந்திருக்கும் மடை வழியே போனதையும் கூட்டினால் குளத்துக்கு வந்த நீர் கிடைக்கும். அதை ஏற்கெனவே பெய்த மழையோடு ஒப்பிட்டால், இன்று நூற்றுக்கு எத்தனை பங்கு ஓடி வருகிறது என்பது தெரியும். புத்தகத்தில் இருக்கும் 0.2, 0.6 எல்லாம் தொடக்கத்துக்குத்தான். அன்றைய விகிதத்தை அன்றைய குளமே சொல்லிவிடும். மேலக்குளத்தின் மறுகால் நீரை ஓடைப் பயண நேரம் தள்ளிக் கீழக்குளத்தில் சேர்த்து, அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மூன்று விதமாக ஓட்டுங்கள்: மழை இப்போதே நின்றால், இதே வேகத்தில் 1 மணி நேரம் பெய்தால், 3 மணி நேரம் பெய்தால். ஒரே எண்ணைக் கணிப்பாகச் சொல்வதைவிட, ‘இப்போதே நின்றாலும் மறுகால் 40 செ.மீ. பாயும், மூன்று மணி நேரம் நீடித்தால் கரையைத் தொடும்’ என்பது முடிவெடுப்பவருக்கு உதவும்.

நாசாவின் ஐமெர்க் போன்ற செயற்கைக்கோள் மழை அளவுகள் இலவசம்தான். ஆனால் ஒரு கட்டம் சுமார் 11 கி.மீ., முதல் பதிப்பு வரவே ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும். சிறு குளத்துக்கு அது பழைய செய்தி; பருவம் முடிந்து ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படுத்துங்கள். வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கைக்கு வேறு வேலை கொடுக்கலாம். 24 மணி நேரத்தில் 115.6 மி.மீ.க்கு மேல் என்றால் மிக கனமழை, 204.4 மி.மீ.யைத் தாண்டினால் அதி கனமழை. இந்த அறிவிப்பு வந்த மாலையிலேயே அளவீட்டை 5 நிமிடத்துக்கு மாற்றி, இரவு விழித்திருப்பவர்களின் பட்டியலைப் போட்டுவிடுங்கள்.

பின்னால் தரவு சேர்ந்து இயந்திரக் கற்றல் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அளவுகளைக் குலுக்கிப் போட்டுப் பழக்கவும் சோதிக்கவும் பிரிக்காதீர்கள். 10.00 மணி அளவும் 10.15 மணி அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்று பழக்கத்திலும் மற்றது சோதனையிலும் விழுந்தால் 99 சதவீதம் வரும், போட்டியில் பரிசும் வரும், மழையில் தோற்கும். ஒரு பருவத்தில் பழக்கி அடுத்த பருவத்தில் சோதியுங்கள். ‘இப்போது உள்ள மட்டமே மூன்று மணி நேரம் கழித்தும் இருக்கும்’ என்ற மொட்டைக் கணிப்பை வெல்ல முடிகிறதா என்றும் பாருங்கள்.

இன்னொரு விதி, ஒரே வரிதான்: மழை பெய்துகொண்டிருக்கும்போது நீர்மட்டம் 10 நிமிடத்தில் 5 செ.மீ.க்கு மேல் இறங்கினால் உடனே அலறு. நண்டு வளையோ எலி வளையோ மடை ஓரக் கசிவோ பெருகிக் கரை உடைந்திருக்கலாம். ஏறுவதை மட்டும் கவனிக்கும் நிரல், தண்ணீர் வடிகிறது, நல்லது என்று பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருக்கும்.

எச்சரிக்கை யாருக்கு, எப்படி?

ஊரைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரம் வருவாய்த் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும்தான். நீங்கள் தருவது நீர்மட்டத் தகவல். அதைப் பெறும் பட்டியலை முன்பே எழுதி ஒட்டுங்கள்: மடை பார்ப்பவர், ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், உதவிப் பொறியாளர், ஒவ்வொரு தெருவுக்கும் இருவர். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070.

மூன்று நிலை போதும். மறுகாலுக்கு 30 செ.மீ. கீழே வந்தால் மஞ்சள்: பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் தகவல், மடையையும் மறுகாலையும் ஒருவர் போய்ப் பார்ப்பார். மறுகால் மேல் 40 செ.மீ. அல்லது மூன்று மணி நேரத்தில் அதைத் தொடும் என்றால் ஆரஞ்சு: தாழ்ந்த தெருக்களுக்குச் சொல்லி, முதியவர்களையும் கால்நடைகளையும் நகர்த்தத் தொடங்குவது. கரைக்கு 30 செ.மீ. மட்டும் மிச்சம், அல்லது திடீர் இறக்கம் என்றால் சிவப்பு. எண்களை உங்கள் குளத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒற்றை சென்சாரை நம்பிச் சைரன் தானாக ஒலிக்கக் கூடாது. இரண்டு நிலையங்கள் ஒத்துச் சொன்னால், அல்லது ஒருவர் அளவுப் பலகையை நேரில் பார்த்து உறுதி செய்தால் மட்டுமே ஒலிக்கட்டும். ஆகாயத்தாமரையை நம்பி ஒருமுறை நள்ளிரவில் ஊரை எழுப்பிவிட்டால் அடுத்த முறை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

செய்தியின் மொழியும் முக்கியம். திருநெல்வேலி டவுன்காரர்கள் ஆற்று வெள்ளத்தைக் கன அடியில் கேட்பதில்லை, குறுக்குத்துறை முருகன் கோவிலில் தண்ணீர் எதுவரை என்றுதான் கேட்பார்கள். உங்கள் ஊருக்கும் அப்படி ஓர் இடம் இருக்கும். ‘கீழக்குளம் மறுகால் 45 செ.மீ. பாய்கிறது. ஒரு மணி நேரத்தில் 12 செ.மீ. ஏறியிருக்கிறது. இரவு 11 மணிக்குள் பள்ளிக்கூடத் தெரு அடிபம்புவரை தண்ணீர் வரலாம். தெற்குத் தெரு, பள்ளிக்கூடத் தெருக்காரர்கள் மேலத்தெரு மண்டபத்துக்குப் போகவும்.’ இவ்வளவுதான். அதைக் கோவில் குழாய் ஸ்பீக்கரிலும், பள்ளிவாசல், சர்ச் ஒலிபெருக்கியிலும் யார் படிப்பது, மின்சாரம் இல்லாவிட்டால் எந்த பேட்டரியில் ஓட்டுவது என்பதை செப்டம்பரில் ஒத்திகை பார்த்து முடிவு செய்யுங்கள். ஒத்திகையைப் பகலில் வைக்க வேண்டாம். இரவு 8 மணிக்கு, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு.

ஆற்றங்கரை ஊராக இருந்தால் ஒரு சேர்க்கை. பாபநாசம், மணிமுத்தாறு திறப்பு அறிவிப்பின் நேரத்தையும், உங்கள் படித்துறையில் நீர் ஏறத் தொடங்கிய நேரத்தையும் பருவம் முழுக்க எழுதி வாருங்கள். சிற்றாறும் பச்சையாறும் வழியில் வந்து சேர்வதால் ஆற்றின் மட்டம் அணைத் திறப்போடு மட்டும் ஒத்துப்போகாது. அந்த வித்தியாசத்தையே தனியாகக் குறியுங்கள்.

ஜனவரியில் சென்சார்களைக் கழற்றி, 1 மீட்டர், 2 மீட்டர், 3 மீட்டர் தூரத்தில் சுவரை வைத்து மறுபடி சோதியுங்கள். செல்லின் கொள்ளளவு குறைந்திருக்கிறதா பாருங்கள், துருப்பிடித்த கவ்விகளை மாற்றுங்கள். பருவத்தின் எல்லா அளவுகளையும் ஒரே கோப்பாக்கி உதவிப் பொறியாளருக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று கொடுங்கள். நிரலின் கடவுச்சொற்கள், சிம் எண், பெட்டிச் சாவி மூன்றும் பிளஸ் ஒன் மாணவர் இருவரிடம் போய்ச் சேர வேண்டும். பிளஸ் டூ மாணவர்கள் அடுத்த அக்டோபரில் ஊரில் இருக்க மாட்டார்கள்.